பல்லைப் பிடுங்கவா படிப்பு, காக்கவா?

பல் மருத்துவப் படிப்பின் விதிகள் மாறும் காலம் இது. 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டத்துக்குப் பதிலாக, 2023-ல் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியது. இது கல்லூரிகளின் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடக்கூடாது. தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் குழந்தைகளின் வாயைப் பொறுத்த விஷயம் இது.

நாட்டில் பல் டாக்டருக்குப் படிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. 300-க்கு மேற்பட்ட கல்லூரிகளில் ஆண்டுதோறும் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்கள் உள்ளன. மும்பையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி சி.எஸ்.எம்.டி. ரெயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ளது. 1933-ல் தோன்றிய நாயர் பல் மருத்துவக் கல்லூரி மும்பை சென்ட்ரல் அருகே இருக்கிறது. அதை நடத்துவது மாநகராட்சி.

இத்தனை இருந்தும், கூலி வேலைக்குப் போகும் குடும்பத்தின் குழந்தையைப் பல் டாக்டர் பார்ப்பது பெரும்பாலும் வலி வந்த பிறகுதான். அதற்குள் சொத்தை வேர் வரை போயிருக்கும். பிறகு பிடுங்குவதா, ஆயிரக்கணக்கில் செலவழித்து வேர் சிகிச்சை செய்வதா என்ற கேள்விதான் மிச்சம்.

ஏமாற்றும் பல்

"பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பது நம் வீடுகளில் வழக்கமான பேச்சு. பால் பற்கள் 20. அவை விழுந்து வேறு பல் முளைப்பது உண்மையே. ஆனால் ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே நான்கு கடைவாய்ப் பற்கள் வருகின்றன. இவை ஆயுள் முழுவதற்கும் உரியவை. ஒன்றும் விழாமல் முளைப்பதால், பெற்றோர் இவற்றையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

இந்தப் பல்லின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் உண்டு. டீயில் தோய்த்த பிஸ்கட்டும் மிட்டாயும் அங்கே தங்கும். பிரஷ் முனை உள்ளே போகாது. சொத்தை தொடங்கும் இடம் அதுவே.

தடுக்க வழி உண்டு. பள்ளங்களை அடைக்கும் 'சீலண்ட்' பூச்சு ஒன்று. சில நிமிடங்களில் தடவிவிடும் புளோரைடு வார்னிஷ் மற்றொன்று. வார்னிஷுக்கு ஊசி வேண்டாம், பல்லைக் குடையும் மெஷினும் வேண்டாம். பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார வைத்தே தடவலாம்.

தர்மபுரி, சேலம் பக்கத்து வாசகர்கள் "புளோரைடு பல்லைக் கெடுக்குமே" என்று கேட்கலாம். அங்கே கெடுதல் செய்வது, பல் உருவாகும் வயதில் ஆண்டுக்கணக்கில் குடிநீரோடு உள்ளே போகும் மிகுதியான புளோரைடு. டாக்டர் அளவோடு பல்மேல் தடவுவது வேறு.

கணக்கில் வருவது எது?

பல் மருத்துவ கவுன்சிலின் 2007-ம் ஆண்டு விதிமுறைகளைப் பாருங்கள். குழந்தைகள் பல் மருத்துவப் பிரிவில் ஒரு மாணவர் முடிக்க வேண்டிய வேலைகள்: பல் அடைத்தல் 45, பிடுங்குதல் 25, பல் சுத்தம் போன்ற தடுப்பு வேலை 20, புளோரைடு தடவுதல் 10. நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்வதும் பட்டியலில் உண்டு. அதற்கு எண்ணிக்கை இல்லை.

பிடுங்கத் தெரியாதவர் டாக்டராக முடியாது என்பது சரியே. ஆனால் எது எண்ணப்படுகிறதோ அதைத்தான் மாணவர் தேடுவார். வலியோடு வரும் குழந்தை அவருக்கு ஒரு 'கேஸ்'. சொத்தை வராமல் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எந்தக் கணக்கிலும் வராது.

அதே விதிகளில் ஒரு நல்ல அம்சமும் உண்டு. படிப்பு முடிந்தபின் 12 மாதப் பயிற்சியில் 3 மாதம் சமுதாய பல் மருத்துவத்துக்கும் கிராமச் சேவைக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்த மூன்று மாதம் எப்படிச் செலவாகிறது என்பதே கேள்வி. ஒரு நாள் முகாம், ஒரு பேனர், ஒரு டூத்பேஸ்ட், "சொத்தை உண்டு" என்று ஒரு சீட்டு. இத்துடன் முடிந்தால் பயனில்லை. அந்தச் சீட்டோடு கல்லூரிக்குப் போக, தகப்பன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பல வீடுகளில் சீட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

எஜமான் ஒருவரே

நாயர் பல் மருத்துவக் கல்லூரி மாநகராட்சியுடையது. நம் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளும் மாநகராட்சியுடையவை. இரண்டையும் இணைக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. ஓர் உத்தரவு போதும். பயிற்சி டாக்டர்கள் குழுவுக்குக் குறிப்பிட்ட பள்ளியை ஒப்படைக்க வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துப் பெயர்வாரியாகப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் தடவ வேண்டும். ஒரு குழு போனால் அடுத்த குழு அதே பதிவேட்டைத் தொடர வேண்டும். மாணவர்களுக்குத் தமிழ் தெரியாது என்றால் ஆசிரியர்களும் தமிழ்ச் சங்கத்தாரும் உதவலாம்.

புதிய ஆணையம் பாடத்திட்டத்தைத் திருத்தும்போது, காத்த பல்லுக்கும் பிடுங்கிய பல்லைப் போலவே கணக்கு வைக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. "மாணவர் கை, பழகாத கை" என்று கல்லூரிகளுக்கு அஞ்ச வேண்டாம்; ஆசிரியர் மேற்பார்வையில்தான் வேலை நடக்கிறது. சயான், செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி.க்கும், மாஹிமிலிருந்து மும்பை சென்ட்ரலுக்கும் ஒரே லோக்கல் ரெயிலில் போகலாம். குழந்தைக்கு காலையும் இரவும் புளோரைடு பேஸ்டால் பல் துலக்குங்கள்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. பல்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை கலப்பது 1992-லேயே தடை செய்யப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் மிஷ்ரி தேய்ப்பதைக் குழந்தை பார்த்துப் பழகுமுன் அதையும் நிறுத்துங்கள்.

பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வியை எழுப்புங்கள்: "பல் டாக்டர் மறுபடியும் எப்போது வருவார்?" பலர் கேட்டால் மாநகராட்சி பதில் சொல்லியே ஆக வேண்டும்.