முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்திருக்கும் நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பான். பாரம் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்னால் மிகுந்தாலோ மாடு முழங்காலிட்டுவிடும். சிறிதளவு முன்பாரம் நின்றால்தான் அவன் மாட்டைப் பூட்டுவான்.

பௌதிகம் படித்துப் பட்டம் பெற்ற நமக்கு இது மறந்துபோயிற்று. நம் அன்பர் ஒருவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து கவரைப்பேட்டைக்குக் குடி வந்தபோது, தம் காருக்குப் பின்னே இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றைப் பூட்டினார். மெத்தை, தலையணைகளை முன்னால் அடுக்கினார். கிரைண்டரையும் புத்தகப் பெட்டிகளையும் முதலில் இறக்க வசதியாயிருக்கட்டும் என்று கடைசியில் வைத்தார். நாமும் பக்கத்தில் நின்று, "பேஷ்!" என்றோம்.

கல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரி எங்களைக் கடந்து சென்றது. அந்தக் காற்றில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கிற்று. ஆட்டம் தணியவில்லை, வளர்ந்தது. காரின் பின்புறத்தையே இடமும் வலமுமாக இழுத்தது. பின் ஆசனத்தில் இரண்டு குழந்தைகள்! அன்பரின் கால் பிரேக்கை நோக்கிப் போயிற்று. தெய்வாதீனமாக அவர் மனைவி போட்ட கூச்சலில் காலை அடியோடு எடுத்துவிட்டார். வேகம் தானே குறைந்தது, ஆட்டமும் அடங்கியது. ஓரமாக நிறுத்தினோம். எதிரே டிராக்டரில் வந்த முதியவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என்னா சார், பின்பாரமா ஏத்தியிருக்கீங்க?" என்றார்.

அவர் சொன்ன ஒரு வார்த்தையில் சாஸ்திரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு கொக்கியின்மேல் அழுந்த வேண்டும். 500 கிலோ என்றால் 50 முதல் 75 கிலோ. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் கொக்கி காரின் பின்புறத்தை மேலே தூக்கும். பின் சக்கரங்களின் பிடி தளரும். ஆட்டம் கண்டபின் பிரேக்கை மிதித்தால், முன்னே கார் தயங்க, பின்னே பாரம் தள்ள, இரண்டும் கத்தரிக்கோல் போல மடங்கிவிடும். ஆகையால் பிரேக்கை மிதிக்காமலும், சக்கரத்தை அப்படியும் இப்படியும் திருப்பாமலும், வேகத்தை மட்டும் தணியவிட வேண்டும்.

மற்ற ஜாக்கிரதைகளும் உண்டு. கார் எவ்வளவு இழுக்கும் என்பதை அதன் கைப்புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுக. கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுக. கொக்கி கழன்றாலும் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும். காரின் பிரேக் விளக்கு எரியும்போது டிரெய்லரின் விளக்கும் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். நிறுத்துவதற்கு அதிக தூரம் பிடிக்குமாதலால் முன்வண்டியை நெருங்கலாகாது. சத்தியவேடு சாலையில் திரும்புவோர் சற்று அகலமாகவே வளைக்கட்டும். டிரெய்லரின் சக்கரம் உட்பக்கமாக ஒதுங்கி ஓரத்தில் நிற்பவரை அணைக்கும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒன்று: அதில் மனிதரை ஏற்றக் கூடாது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஜனங்களை ஏற்றி வந்த டிராக்டர் டிரெய்லர் குட்டையில் கவிழ்ந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. மூட்டைக்கென்று செய்த வண்டி மூட்டைக்குத்தான்.

நிற்க. அன்று சாலையோரத்தில் கிரைண்டரை முன்னே நகர்த்தி, மெத்தையைப் பின்னே தள்ளினோம். பிறகு நம் அன்பர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்தார். பட்டம் பெற்ற நாம் இருவரும் அந்த வண்டிக்காரனின் பள்ளிக்கூடத்தில் அன்றுதான் சேர்ந்தோம்.