கறுப்பு ஒரு நோயல்ல

1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி வெறும் களிம்பு. 2020இல் அதன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ போனது. நம் நிறத்தைக் குறையாக்கும் வியாபாரம் போகவில்லை. வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குள் நுழைந்துவிட்டது: லேசர், கெமிக்கல் பீல், குளூட்டாதயோன் ஊசி.

கூடவே ஒரு ஆசைவார்த்தை: சில வாரப் பயிற்சி, ஒரு சான்றிதழ், பெண்கள் சொந்தக்காலில் நிற்கலாம். நிற்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறார்கள்? லேசர் ஒளியை மெலனின் உறிஞ்சும். நம்மைப்போன்ற கருந்தோலில் அளவு பிசகினால் வெந்துபோகும்; தழும்பு கறுத்து நிற்கும். சில வாரங்களில் இதைக் கற்க முடியாது. ‘பேக்கேஜ்’ விற்கக் கற்கலாம். படுத்திருப்பவளும் கருவியைப் பிடித்திருப்பவளும் ஒரே நிறம். வெந்தால் ஒருத்திக்கு முகம் போகும், இன்னொருத்திக்கு வேலை போகும். லாபம் மட்டும் முதலாளிக்கு.

தீக்காயத் தழும்போடும் வெண்புள்ளியோடும் பெண்கள் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறார்கள். முழுப் படிப்பும் நியாயமான சம்பளமும் கொடுத்து நம் பெண்களை அங்கே அமர்த்துங்கள். நோயைக் குணமாக்கட்டும், நிறத்தை அல்ல.