நத்தை தின்னாத ‘நத்தை தின்னி’: குமரி தென்னந்தோப்புப் பாம்பு எந்தக் குடும்பம்?

மழைக்காலம் வந்தால் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் இந்தக் காட்சி சகஜம். பாத்ரூம் ஓரத்தில் கறுப்பாக, மெலிசாக ஏதோ நெளியும். ‘மண்புழுவா, பாம்புக் குட்டியா?’ என்று வீடே கூடிவிடும். பெரும்பாலும் அது புழுப்பாம்பு. விஷம் கிடையாது, எறும்பு, கரையான்களின் முட்டைகளைத் தின்று பிழைப்பது. அது குட்டியும் இல்லை, முழுசாக வளர்ந்தாலே அவ்வளவுதான். ஆனால், இதையெல்லாம் விசாரிப்பதற்குள் துடைப்பம் வந்துவிடும்.

பார்த்ததுமே முடிவு கட்டினால் தப்பாகிவிடும் என்பது ஆராய்ச்சியாளர்களுக்கும் நேர்ந்த அனுபவம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பாம்பு வகை, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அவர்களைக் குழப்பியது.

எந்தப் பாம்பு அது?

சைலோஃபிஸ். கிரேக்கத்தில் ‘மரப்பாம்பு’ என்று பொருள். பெயர்தான் அப்படி; மரம் ஏறாது. ஈர மண்ணிலும், விழுந்த கட்டைகளுக்கு அடியிலும் வாழும். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1878-ல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தார். ஆனால் இதன் சொந்தக்காரர்கள் யார் என்பதில் தெளிவு இல்லை. செதிலையும் உடலமைப்பையும் பார்த்தவர்கள் வெவ்வேறு குடும்பங்களோடு உறவு சொன்னார்கள்.

விடை எப்படிக் கிடைத்தது?

தீபக் வீரப்பன், சாரா ருவேன், டேவிட் கோவர் ஆகியோர் மரபணுக்களை ஒப்பிட்டு 2018-ல் முடிவை வெளியிட்டனர். மரப்பாம்பின் நெருங்கிய உறவு, நத்தை தின்னிப் பாம்புகளின் ‘பரேய்டே’ குடும்பம். அதற்குள் மரப்பாம்புகளுக்கென்றே தனித் துணைக்குடும்பமும் உருவாக்கப்பட்டது.

இதில் என்ன ஆச்சரியம்?

இரண்டு இருக்கிறது. முதலாவது, தூரம். நத்தை தின்னிகள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சீனா, ஜப்பான் பக்கமும் வாழ்பவை. மரப்பாம்போ மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டாதது.

இரண்டாவது, சாப்பாடு. நத்தை தின்னிகள் ஓட்டுக்குள் இருந்து சதையை உருவி எடுப்பதில் கெட்டிக்காரர்கள். ஜப்பானின் இவாசாகி பாம்புக்குக் கீழ்த்தாடையின் வலப்பக்கம் சராசரியாக 25 பற்கள், இடப்பக்கம் 18 பற்கள்தான். பெரும்பாலான நத்தைகளின் ஓடு வலப்பக்கமாகச் சுழல்வதால் இந்த ஏற்பாடு. மரப்பாம்புக்கு இந்த வம்பே வேண்டாம். அது தின்பது மண்புழு. சாப்பாட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த உறவை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதனால் என்ன?

2021-ல் சூர்யா நாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்து புதிய மரப்பாம்பு இனம் ஒன்றை அறிவித்தார்கள். சுமார் 20 செ.மீ. நீளம், வெளிச்சம் பட்டால் வானவில்லாக மின்னும் செதில்கள். தீபக்கின் பணியைப் போற்றி ‘சைலோஃபிஸ் தீபகி’ என்று பெயரிட்டார்கள். அது முதலில் கண்ணில் பட்டது அடர்ந்த காட்டில் அல்ல, தென்னந்தோப்பில்.

யோசிக்க வேண்டிய இடம் இதுதான். புலிக்கும் யானைக்கும் சரணாலயம் உண்டு. தோப்பு மண்ணில் வாழும் பாம்புக்கு வேலி கிடையாது. ஈரம் காய்ந்தாலும், மண்ணில் மருந்து கொட்டினாலும், மண்புழு போய்விடும். பின்னாலேயே பாம்பும் போகும். பெயரும் உறவும் தெரியாத உயிர் காணாமல் போனால், போனதே யாருக்கும் தெரியாது. வகைப்படுத்துவது வெறும் லேபிள் ஒட்டும் வேலையல்ல என்று சொல்வது அதனால்தான்.

வீட்டில் பார்த்தால்?

சென்னையில் மரப்பாம்பு கிடையாது. நத்தை தின்னியும் கிடையாது. ஆனாலும் பாடம் ஒன்றுதான். எந்தப் பாம்பையும் கையால் தொட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது யார் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.