கைத்தொழில் அரங்கம்: அலைப்பலகைக்கு ஓர் அனற்பெட்டி

மங்களூர் அன்பர் ஒருவர் வினவுகிறார்: “என் புதல்வன் தன் கையாலேயே அலைச்சறுக்குப் பலகை ஒன்று செய்தான். தட்டினால் கல்லைப்போல் ஒலித்தது. ஒரு பகல் வெயிலில் கிடத்தியதும் மேல்தோல் கொப்புளித்துவிட்டது. காரணம் யாது?”

கடற்கரை நகரங்களில் வாழும் நம்மவர் பலருக்கும் பயன்படும் வினா இது.

இத்தகைய பலகை தெர்மோகோல் இனத்து நுரைக்கட்டையின்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்து, எபாக்ஸிப் பிசினை ஊட்டிச் செய்யப்படுவது. பிசினோடு இறுக்கி என்னும் மருந்தைக் கலந்ததும் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துப் பின்னலாகின்றன. பின்னல் நெருங்க நெருங்க, எஞ்சியவை அசைய இடமின்றி நின்றுவிடும். கைக்குக் கல்லாகத் தோன்றினும் உள்ளே வேலை முற்றுப்பெறவில்லை. 25 பாகை வெப்பத்தில் இறுகிய பிசின், கடும் வெயிலில் இளகும். உள்ளேயுள்ள காற்றோ விரியும். இருப்புப்பாதைத் தண்டவாளம் வெயிலில் நீள்வதை அறிந்தோருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இளகிய தோலைக் காற்று தள்ளியதால் எழுந்ததே அக்கொப்புளம்.

பலகை கடலைக் காணுமுன் இளஞ்சூட்டில் வைத்து முற்றச்செய்வதே இதற்குப் பரிகாரம். ஆறடிப் பலகைக்கு ஏழடி நீளமும் இரண்டரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி போதும். உட்புறம் அலுமினியத் தகடும், வெளிப்புறம் ஓரங்குலக் கண்ணாடிக் கம்பளியும் பொருத்துக. அடியில், பீங்கான் தாங்கிகளில் 60 வாட் இழை விளக்குகள் நான்கு அமைத்து, அவற்றின்மேல் தகட்டு மறைப்பு இடுக. நேரடி அனல் பலகையைத் தீண்டலாகாது. காற்றைச் சுழற்றச் சிறு விசிறி ஒன்று, இரு முனைகளிலும் வெப்பமானி, சூடு மிகுந்தால் மின்னைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட் ஆகியவை இன்றியமையாதன. மின்னிணைப்பைத் தேர்ந்த மின்பணியாளரிடமே ஒப்படைக்க.

பிசின் பூசிய பலகை ஓரிரவு சாதாரண வெப்பத்தில் உறையட்டும். பிறகு பெட்டியிலிட்டு, மணிக்குப் பத்துப் பாகைக்கு மிகாமல் சூட்டை ஏற்றி, 45 முதல் 50 பாகைக்குள் சில மணி நேரம் நிறுத்துக. சரியான கால அளவு பிசின் தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் இருக்கும். காற்றுத் துளை உள்ள பலகையாயின் அதன் திருகைக் கழற்றி வைத்தல் வேண்டும். 60 பாகையைத் தாண்டவிடலாகாது. நுரைக்கட்டை அதற்குமேல் அதிகம் தாங்காது. ஆறவைப்பதும் மெல்லவே ஆகுக. மழைக்காலத்து ஈரத்தில் மேற்பரப்பில் மெழுகுபோன்ற பிசுக்குப் படிவதுண்டு. அடுத்த பூச்சுக்குமுன் நீரால் கழுவிவிடுக.

இல்லத்தரசியர் கவனிக்க வேண்டியது ஒன்று. சமையலறையும் படுக்கையறையும் இவ்வேலைக்கு ஏற்ற இடங்கள் அல்ல. காற்றோட்டமுள்ள கொட்டகையே தகும். இறுகாத பிசின் தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை தோன்றிவிடின், அது ஆயுள் முழுதும் நீங்காமல் நிற்கும்; ஆகவே கையுறையின்றித் தொடலாகாது. விளக்கெரியும் பெட்டியை ஆளின்றி விட்டுச் செல்வதும் கூடாது.

மங்களூர் இளைஞர் மனந்தளர வேண்டா. கொப்புளித்த தோலை வெட்டி நீக்கி, புதுத் துணியிட்டுப் பிசின் ஊட்டி, மேற்கூறியவாறு பெட்டியில் முற்றச்செய்தால் அப்பலகை மீண்டும் அலையேறும்.