போன்ல சாஃப்ட்வேர் மாத்தினா வாரன்ட்டி போயிடுமா? சர்வீஸ் சென்டர் சொல்றதும் சட்டம் சொல்றதும்!

போன மாசம் சித்தி பையனோடு சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போயிருந்தேன். போன் வாங்கி ஒன்பது மாசம்தான் ஆச்சு. சார்ஜர் பின்னைச் சொருகினா நிக்கலை. கையால அழுத்திப் பிடிச்சாத்தான் சார்ஜ் ஏறும். டோக்கன் போட்டு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கவுன்டருக்குப் போனா, ஊழியர் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணார். 'பூட்லோடர் அன்லாக் ஆகியிருக்கு' என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. அவ்வளவுதான். "ரூட் பண்ணியிருக்கீங்க சார், வாரன்ட்டி வராது." சார்ஜ் போடுற ஓட்டையை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

தம்பி ரூட் பண்ணவே இல்லை என்பது வேற விஷயம். பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் புரோகிராம். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை உள்ளே விடலாம்னு முடிவு பண்ணும் வாட்ச்மேன். அதைத் திறந்துவிட்டால் கம்பெனி கொடுத்த சாஃப்ட்வேருக்குப் பதிலா லீனேஜ் ஓ.எஸ் மாதிரி வேறொன்றை ஏத்தலாம். ரூட் என்பது அதற்கு அடுத்த படி, போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுப்பது. தம்பி செய்தது முதலாவது மட்டும்தான். காரணம் ரொம்ப சாதாரணம். பட்ஜெட் போனில் செட்டிங்ஸைத் திறந்தாலும் விளம்பரம், ஃபைல் மேனேஜரைத் திறந்தாலும் விளம்பரம். கடுப்பாகி மாத்திட்டான்.

இதை ஒரு காலத்தில் கம்பெனிகளே பெருமையாகச் சொல்லி விற்றன. 2014-ல் வந்த முதல் ஒன்பிளஸ் போனில் இருந்ததே சயனோஜென்மாட்தான். இதே சயனோஜெனை நம்பி மைக்ரோமேக்ஸ் ஆரம்பித்த 'யூ' பிராண்டு, ரூட் செய்தாலும் வாரன்ட்டி உண்டு என்று சொல்லியே யுரேகா போனை விற்றது. அந்தக் காலம் மலையேறிப்போச்சு. சாம்சங் போன்களில் 'நாக்ஸ்' பாதுகாப்புக்காக ஒரு மின் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். அதிகாரபூர்வமில்லாத சாஃப்ட்வேரை ஏற்றி இயக்கினால் அது எரிந்துவிடும். பழைய சாஃப்ட்வேரையே திரும்பப் போட்டாலும் ஃபியூஸ் திரும்ப வராது. சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் எல்லாம் அந்த போனில் நிரந்தரமாகப் போச்சு. சர்வீஸ் சென்டரில் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். 2025-ல் வந்த ஒன் யூ.ஐ 8-ல் பூட்லோடரைத் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டது சாம்சங். ஷாவ்மியும் ஹைப்பர் ஓ.எஸ் வந்ததிலிருந்து அன்லாக் விதிகளை இறுக்கிக்கொண்டே போகிறது.

கம்பெனி பக்கம் நியாயமே இல்லையா? இருக்கு. ப்ராசஸர் வேகத்தை எல்லை மீறி ஏற்றினால் சூடு தாங்காமல் போர்டு போகலாம். சத்தம் பத்தலைன்னு ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும். வேற மாடலின் ஃபைலை ஃபிளாஷ் பண்ணி, போன் செங்கல் மாதிரி ஆனால், அதற்குக் கம்பெனி ஏன் காசு செலவழிக்கணும்? அதெல்லாம் சரி. ஆனால், சார்ஜிங் போர்ட் தேய்வதற்கும், வால்யூம் பட்டன் உள்ளே போவதற்கும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை மற்ற நாடுகள் முன்னாடியே கேட்டுவிட்டன. அமெரிக்காவில் ஜெயில்பிரேக் செய்வது காப்புரிமை மீறல் அல்ல என்று 2010-லேயே விலக்கு கிடைத்தது. 'ஆனால், வாரன்ட்டி போகலாம்' என்று ஆப்பிள் அப்போதே பதில் சொன்னது. ஐரோப்பிய யூனியனில்தான் விஷயம் சுவாரஸ்யம். அங்கே கம்பெனி விருப்பப்பட்டுத் தரும் வாரன்ட்டி வேறு, கடைக்காரர் சட்டப்படி இரண்டு வருஷம் தரவேண்டிய பொறுப்பு வேறு. வாங்கி முதல் ஒரு வருஷத்துக்குள் பழுது வந்தால், அது விற்கும்போதே இருந்த குறை என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை, வாடிக்கையாளர்தான் கெடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர் வேலை. சாஃப்ட்வேரை மாற்றியதாலேயே இந்த உரிமை போய்விடாது என்று ஐரோப்பாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2012-லேயே சட்ட அலசல் வெளியிட்டது.

நம்ம ஊரில் நிலைமை தலைகீழ். வாரன்ட்டி அட்டையின் பொடி எழுத்தில் 'அங்கீகாரமில்லாத மென்பொருள் மாற்றம்' என்று ஒரு வரி இருக்கும். அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. யார் நிரூபிக்கணும் என்ற கேள்வியே எழுவதில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'ரைட் டு ரிப்பேர்' தளம் ஆரம்பித்தது நல்ல விஷயம்தான். ஆனால், சர்வீஸ் சென்டர், உதிரிபாகம், வாரன்ட்டி விவரங்களை ஒரே இடத்தில் தருவதுதான் அதன் வேலை. கவுன்டரில் நிற்கிறவருக்கு அது கைகொடுக்காது.

கைகொடுக்கக்கூடியது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஒரு பொருளின் குறையைப் பரிசோதிக்காமல் முடிவு செய்ய முடியாது என்றால், அதை ஆய்வகத்துக்கு அனுப்ப மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதாவது 'சாஃப்ட்வேரால்தான் போச்சு' என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை அங்கே கேள்வி கேட்க முடியும். அஞ்சு லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆனால், ஆய்வகக் கட்டணத்தை நாமே கட்டச் சொல்லலாம். பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு அத்தனை அலைச்சல் யார் படுவார்கள்? கம்பெனிகளுக்கும் அது தெரியும்.

அதனால் கவுன்டரிலேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. மறுக்கும் காரணத்தை ஜாப் ஷீட்டில் எழுதிக் கேளுங்கள். 'சார்ஜிங் போர்ட் பழுது, காரணம்: பூட்லோடர் அன்லாக்' என்று எழுதிக் கையெழுத்துப் போட பல ஊழியர்கள் தயங்குவார்கள். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதம்தான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனில் புகார் செய்ய ஆதாரம்.

மாத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வாரன்ட்டியைவிட பேங்க் ஆப்தான் இப்போ பெரிய தலைவலி. போனின் நம்பகத்தன்மையை கூகுளிடம் கேட்டு உறுதிசெய்யும் ஆப்கள் நிறைய. பூட்லோடர் திறந்திருந்தால் சில ஆப்கள் திறக்கவே மறுக்கும். டீக்கடை வரைக்கும் யு.பி.ஐ ஆகிவிட்ட ஊரில் இது சின்ன இழப்பு இல்லை. என்னைக் கேட்டால், வாரன்ட்டி முடிந்து, கம்பெனி அப்டேட்டையும் நிறுத்திய பழைய போனில் தாராளமாகச் செய்யலாம். ஒன்பது மாசப் போனில் நான் செய்ய மாட்டேன். அதுக்காக, செய்தவனின் சார்ஜிங் போர்ட்டைக்கூடப் பார்க்காமல் அனுப்புவது சரின்னு ஆகிடாது.

தம்பி ஜாப் ஷீட்டில் எழுதிக் கேட்டான். ஊழியர் உள்ளே போய் மேனேஜரைக் கூட்டி வந்தார். "பழைய சாஃப்ட்வேரைப் போட்டு, லாக் பண்ணி எடுத்துட்டு வாங்க, பார்க்கிறோம்" என்றார் மேனேஜர். எழுதிக் கொடுக்க மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கலை. போட்டோ எல்லாம் பேக்கப் எடுத்துட்டு, இந்த சனிக்கிழமை திரும்பப் போறோம்.