திரும்பப் பெற்றால் தீர்ந்ததா?

இத்தாலியின் மிலான் நகரில் சில மருத்துவர்கள், அறுவைச் சிகிச்சைக்கு வந்த 300 பெண்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, யார் எவ்வளவு அழகு என்று தரம் பிரித்தார்கள். மாதவிடாய் நாட்களில் உயிரே போகும் வலியைத் தரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் பற்றிய ஆய்வாம் அது. மார்பளவை அளந்தார்கள். முதல் உடலுறவு எந்த வயதில் என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். நோய் முற்றிய பெண்களே அதிக அழகு என்று முடிவும் சொன்னார்கள். ‘ஃபெர்ட்டிலிட்டி அண்ட் ஸ்டெரிலிட்டி’ என்ற பெயர்பெற்ற அமெரிக்க ஆய்விதழ் 2013இல் இதை அச்சிட்டது.

அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2020இல். பெண் மருத்துவர்களும் நோயாளிகளும் ஆண்டுக்கணக்கில் கண்டித்த பிறகு! அப்போதும் ஆய்வு முறை சரிதான் என்றார்கள் ஆசிரியர்கள். சிலர் மனம் புண்பட்டிருக்கலாம் என்பதால் தாங்களே விலக்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆக, தவறு ஆய்வில் இல்லையாம். புண்பட்ட நம் மனதில்தான் இருக்கிறதாம்.

அதே ஆண்டு ஜூலையில் ‘ஜர்னல் ஆஃப் வாஸ்குலர் சர்ஜரி’யும் ஒரு கட்டுரையைத் திரும்பப் பெற்றது. போலிக் கணக்குகள் வழியே இளம் மருத்துவர்களின் சமூக ஊடகப் பக்கங்களை வேவு பார்த்து, நீச்சலுடைப் படங்களைத் தொழிலுக்குப் பொருந்தாதவை என்று பட்டியலிட்ட கட்டுரை அது. பெண் மருத்துவர்கள் தங்கள் நீச்சலுடைப் படங்களை வெளியிட்டுத் திருப்பியடித்த பிறகே இதழ் மன்னிப்புக் கேட்டது.

அறிவியல் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் என்கிறார்கள். தானாகவா? இதழாசிரியரும் மதிப்பீட்டாளர்களும் தாண்டவிட்டதை, வெளியே நின்ற பெண்கள் கூலியில்லாமல் திருத்தினார்கள்.

இத்தகைய கட்டுரைகளை அழித்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு அவை இருக்கட்டும். நமக்குச் சாட்சி வேண்டும். ஆனால் காரணத்தை மழுப்பாதீர்கள். எது தவறு, திரும்பப் பெறுவது யார் என்று அறிவிப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது ஆய்விதழ் உலகமே ஏற்றுக்கொண்ட நெறி. அதோடு, அச்சிட ஒப்புதல் தந்தது எப்படி என்பதையும் இதழ் சொல்ல வேண்டும் என்கிறேன் நான்.

மாணவிகளே, ஒரு கட்டுரையை மேற்கோள் காட்டும்முன் அது திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். பெறப்பட்டிருந்தால் அறிவிப்பை வரிவரியாகப் படியுங்கள். காரணம் இல்லையென்றால், ஏன் இல்லை என்று இதழாசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.