தென்காசி பின்கோடும் என் 135 வகுத்தல்களும்

ராமானுஜன் என்றதும் எல்லோரும் 1729 கதையைச் சொல்லிவிடுகிறோம். 1³+12³ என்றும் எழுதலாம், 9³+10³ என்றும் எழுதலாம். சரி, அதில் நாம் போட்ட கணக்கு எங்கே? "அவர் மேதைப்பா, நமக்கெல்லாம் கணக்கு வராது" என்று எழுந்து போய்விடுகிறோம். நானும் அந்தக் கூட்டம்தான்.

ஒருநாள் விண்ணப்பத்தில் தென்காசி பின்கோடு 627811 எழுதும்போது, இது எதனாலாவது வகுபடுமா என்று சந்தேகம். இரண்டு எண்களின் பெருக்கல் என்றால் சிறியது 792-ஐத் தாண்டாது. 793×793 போட்டாலே 628849 ஆகிவிடுகிறது. 792 வரை 138 பகா எண்கள். 2, 3, 5 பார்த்தாலே தெரியும். மீதி 135-ஐயும் கையாலேயே வகுத்தேன் (நம்புங்கள்!). 409 ஆசை காட்டியது, நாலே நாலு போதவில்லை. கடைசியாக 787, மீதி 572. பகா எண்ணேதான்! அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பள்ளியில் 1729-ஐ ஒப்பிக்க வைப்பதற்குப் பதில், அவரவர் ஊர் பின்கோடைக் கொடுத்து வகுக்கச் சொல்லலாம் என்பது என் கட்சி. எல்லா ஊருக்கும் பகா எண் வாய்க்காது. பக்கத்துக் குற்றாலம் 627802, ஒன்பதுதான் வித்தியாசம். அது 2×7×44843 என்று உடைந்துவிட்டது. அருவி அவர்களுக்கு, பகா எண் எங்களுக்கு!

அந்த 44843 மேலும் உடையுமா? 211 வரை பார்த்தால் போதும். விடையை நான் சொல்லப் போவதில்லை.